எல்லையில் ஒரு வீடு: ஓசூரா, அத்திப்பள்ளியா?

ஜூஜூவாடியைத் தாண்டினால் தமிழ்நாடு முடிந்துவிடும். அடுத்த சில நிமிடங்களில் அத்திப்பள்ளி. கடைப் பலகைகளில் கன்னடம். நடுவில் ஆறும் கிடையாது, மலையும் கிடையாது, தேசிய நெடுஞ்சாலை 44 மட்டும்தான். பெங்களூரில் வேலை கிடைத்து, அங்குள்ள வாடகையைக் கேட்டு மலைத்துப்போன குடும்பங்களில் பல, வீடு தேடி வந்து நிற்பது இந்தச் சாலையோரத்தில்தான். கர்நாடகப் பக்கம் சந்தாபுராவும் அத்திப்பள்ளியும், தமிழ்நாட்டுப் பக்கம் ஓசூரும் அதன் பாகலூர் சாலை, மத்திகிரி, மூக்கண்டப்பள்ளிப் பகுதிகளும் அவர்களுக்குக் கட்டுப்படியாகின்றன. இன்றைக்குக் கட்டுப்படியாகின்றன என்று சொல்வதே சரி. ஏனென்றால் எல்லாமே வேகமாக விலை ஏறிவரும் பகுதிகள்.

வீடு தேடுகிறவர்கள் முதலில் ஒப்பிடுவது வாடகையை. இயல்புதான், மாதம் பிறந்தால் கையைவிட்டுப் போகிற பணம் அது. ஆனால் எல்லையோர ஊரில் அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. பிள்ளையின் பள்ளி, வீட்டு வண்டி, கிரயப் பத்திரம், மின் இணைப்பு எல்லாம் எந்த மாநிலத்தின் சட்டத்துக்குள் போகின்றன என்பதுதான் அது. வாடகையில் மிச்சமாகும் இரண்டாயிரம் மூவாயிரத்தை இந்தக் கணக்கு ஓராண்டில் விழுங்கிவிடலாம். சில குடும்பங்களுக்குப் பல ஆண்டு கழித்துக் கல்லூரி வாசலில்தான் தெரியவும் வரலாம். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மாநிலம், அடுத்துப் பகுதி, அதற்கப்புறம் வீடு.

இரண்டு ஊர், இரண்டு வளர்ச்சி

ஓசூர் பெங்களூரின் நிழலில் மட்டும் வளர்ந்த ஊர் இல்லை. 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், பிறகு 1980களில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை என்று வரிசையாக வேலைவாய்ப்பு பெருகியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சியாக 84,394 பேர் இருந்த ஊரில், 2011இல் 1,16,821 பேர். 2019இல் மாநகராட்சியானது. அண்மை ஆண்டுகளில் ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் ஆலையும், கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸின் பெரிய வளாகமும் சேர்ந்துகொண்டன. ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்போன மண்ணில் இப்போது மனைக்கல் நடப்படுவதைப் பாகலூர் சாலையிலும் தேன்கனிக்கோட்டைச் சாலையிலும் பார்க்கலாம்.

அத்திப்பள்ளியும் சந்தாபுராவும் வேறு விதம். பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகளும் அவற்றுக்கு வடக்கே எலக்ட்ரானிக் சிட்டியும் கொடுத்த நெருக்கடியில் விரிந்தவை அவை. சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலச் சாலை 2010 ஜனவரியில் திறந்தபோது, தொலைவு என்று தள்ளிவைத்த இடங்களெல்லாம் பக்கம் ஆகிவிட்டன. விளம்பரங்கள் இவற்றைப் ‘பெங்களூரு’ என்றே விற்கின்றன. மாவட்டம் பெங்களூரு நகர்ப்புறம்தான், ஆனால் இவை ஆனேக்கல் தாலுகாவில், தங்களுக்கென்று தனி நகரசபை கொண்ட ஊர்கள். பெங்களூரு மாநகரின் சேவைகளை எதிர்பார்த்து வருகிறவர் முதல் கோடையிலேயே ஏமாறுவார். இங்கே தண்ணீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறும் டேங்கரும்தான்.

முதலில் மாநிலம்

பள்ளி வயதில் பிள்ளை இருந்தால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து இதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு இடம் பெற, பொதுவான விதி ஏழு கல்வியாண்டு: ஒன்றாம் வகுப்பு முதல் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு (பன்னிரண்டாம் வகுப்பு) வரையான படிப்பில் குறைந்தது ஏழு ஆண்டு கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி. அல்லது பி.யூ.சி. இறுதித் தேர்வை அங்கே தேறியிருக்கவும் வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவைப்படுவதில்லை. வெளி மாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அந்தச் சான்றைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, எல்லையைத் தாண்டிச் சேர்ந்த பிள்ளைக்குக் கிடைக்காது.

ஏழாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையோடு வருகிற ஒரு மதுரைக் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அத்திப்பள்ளியில் வீடு எடுத்து, பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்த்தால், பி.யூ.சி. முடியும்போது கர்நாடகத்தில் ஐந்து ஆண்டுதான் ஆகியிருக்கும். ஏழாண்டு விதி எட்டாது. தமிழ்நாட்டில் எட்டிலிருந்து படித்த கணக்கும் போயிருக்கும். அதே குடும்பம் ஓசூரில் குடியேறி, அப்பா மட்டும் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வந்தால் சிக்கலே இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு வருகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அவர்கள் இரு பக்கமும் பார்க்கலாம். மொழிப்பாடத்தையும் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம், கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுக் கன்னட மொழி கற்றல் சட்டம். இடையில் மாறினால், பிள்ளை ஒரு மொழியை எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்; அங்கத்திய சாலை வரியையும் கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கார்களுக்கான ஆயுள் வரி இந்தியாவிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு அத்திப்பள்ளியில் குடியேறுகிறவர் இந்தத் தொகையை வாடகைக் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும். ஓசூரில் குடியிருந்து தினமும் பெங்களூரு போய்வருகிறவருக்கு வண்டி ஓசூர் வண்டிதான். என்றாலும் வழியில் நிறுத்திக் கேட்பார்கள். முகவரிச் சான்றும் சுங்கச்சாவடி ரசீதும் கையில் இருப்பது நல்லது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனத்தின் ஊழியர்கள், புதிய வண்டி வாங்கும்போது 2021இல் வந்த ‘பாரத்’ வரிசைப் பதிவு கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மின் கட்டணச் சலுகை இரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கர்நாடகத்தில் 2023இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டம் மாதம் 200 யூனிட் வரை போகும்; ஆனால் வீட்டின் முந்தைய சராசரிப் பயன்பாட்டை வைத்தே அளவு முடிவாகிறது. பெண்களுக்குப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணமும் இரு மாநிலத்திலும் உண்டு. தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில். கர்நாடகத்தில் அந்த மாநில முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்டினால். இந்தச் சலுகைகள் நல்லவைதான். ஆனால் இவற்றை நம்பி மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பது வேண்டாம். அரசாணை மாறினால் சலுகையும் மாறும், பிள்ளையின் படிப்பு அப்படி மாறாது.

வேலைநாளின் நடுவே எல்லை மூடப்படும் நாட்களும் உண்டு. காவிரிப் பிரச்சினையில் 2016 செப்டம்பரில் பெங்களூரில் கலவரம் வெடித்தபோது பேருந்துகள் ஓசூரோடு நின்றன. பெட்டியும் பிள்ளையுமாக மக்கள் எல்லையை நடந்து கடந்தார்கள். 2023 செப்டம்பர் முழு அடைப்புகளிலும் போக்குவரத்து தடைபட்டது. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது எல்லை தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். ஆண்டுக்குச் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடியாதவர்கள், அதாவது மருத்துவமனை, தொழிற்சாலை ஷிப்டு ஊழியர்கள், வேலை இருக்கும் பக்கத்திலேயே குடியிருப்பது நிம்மதி.

வராத ரயிலுக்கு வாடகை

ஏறிவரும் பகுதியில் ஒவ்வொரு மனைத் தரகரும் ஒரு வரைபடம் வைத்திருப்பார். அதில் இரண்டு தவறாமல் இருக்கும்: மெட்ரோ, விமான நிலையம். இதில் எது தரையில் இருக்கிறது, எது தாளில் இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வாங்குகிறவரின் முதல் வேலை.

தரையில் இருப்பது பொம்மசந்திரா வரை. பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம், ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 16 நிலையங்களோடு 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. எலக்ட்ரானிக் சிட்டியும் சில்க் போர்டும் அதன் வழியில் வருகின்றன. ஓசூரிலிருந்தோ அத்திப்பள்ளியிலிருந்தோ பேருந்தில் பொம்மசந்திராவுக்கு வந்து ரயில் ஏறுகிறவருக்கு இது உண்மையான லாபம். அங்கிருந்து ஓசூர் வரை நீட்டிப்பது பற்றி ஆய்வு நடந்திருக்கிறது. அதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. பெங்களூரு மெட்ரோ தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாம் தடத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. தமிழ்நாட்டுப் பக்கப் பாதையைத் திட்டமிடும் சென்னை மெட்ரோ மேல்கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில். இரண்டையும் ஒரே பாதையில் இணைப்பது எளிதல்ல. ஆகவே ‘மெட்ரோ பக்கத்தில்’ என்று சொல்லி விலை கேட்கும் ஓசூர் மனைக்கு, மெட்ரோ வராது என்று வைத்துக்கொண்டே விலை பேச வேண்டும்.

விமான நிலையமும் அப்படித்தான். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் என்று தமிழக முதல்வர் 2024 ஜூன் 27 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆனால் பெங்களூரு விமான நிலையத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய விமான நிலையம் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. இதில் இன்னொரு அபாயமும் உண்டு. அதைத் தரகர்கள் வாய் திறந்து சொல்வதில்லை. 2,000 ஏக்கர் வானத்திலிருந்து வராது. யாருடைய நிலத்திலிருந்தோதான் எடுக்க வேண்டும். விமான நிலையத்துக்கு ‘மிக அருகில்’ என்று வாங்கிய மனையே கையகப்படுத்தும் எல்லைக்குள் விழலாம். பாகலூர், பேரிகை, சூளகிரிப் பக்கம் மனை பார்க்கிறவர்கள் சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பகுதியைப் படிப்பது

ஓசூருக்குள் திசைக்கு ஒரு குணம். ஜூஜூவாடி, பேகேபள்ளி, மூக்கண்டப்பள்ளி ஆகியவை நெடுஞ்சாலையையும் சிப்காட்டையும் ஒட்டியவை. பெங்களூரு பேருந்துக்கு மிக வசதி. லாரிச் சத்தமும் ஆலைப் புகையும் அதற்கான விலை. வடக்கே பாகலூர் சாலையும் அட்கோ குடியிருப்புப் பகுதியும். பழைய வீட்டுவசதித் திட்டங்களின் அகலமான தெருக்கள், பள்ளிகள், கடைகள் ஏற்கெனவே இருப்பதால் இங்கே விலை கூடுதல், ஏமாற்றம் குறைவு. தெற்கே மத்திகிரி. பழைய அரசு கால்நடைப் பண்ணையின் பரந்த நிலமும் டைட்டன் குடியிருப்பும் அந்தப் பக்கத்துக்கு ஒரு காற்றோட்டத்தைத் தந்திருக்கின்றன. ஆனால் மத்திகிரி, தளிச் சாலை, தேன்கனிக்கோட்டைச் சாலைவாசிகள் நெடுஞ்சாலைக்கு வர ரயில் பாதையைக் கடந்து, ஊர் நடுவே நுழைந்து வர வேண்டும். தொலைவில் குறைவாகத் தெரியும் அந்தத் துண்டுதான் காலையில் நேரத்தைத் தின்னும்.

கிழக்கே கெலவரப்பள்ளி அணைப் பக்கம் மனை மலிவாகக் கிடைக்கிறது என்று போகிறவர்கள், மழை பெய்த மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணையாறு அங்கே நுரை கக்கும். மாநில எல்லை காகிதத்தில்தான். ஆற்றுக்கு அது தெரியாது. பக்கத்து மாநிலத்துச் சாக்கடை நம் வாசலுக்கு வரும் இடத்தை வீட்டு விலை ஈடுகட்டாது.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடத் தெருமுனை மளிகைக் கடையிலும் டேங்கர் ஓட்டுநரிடமும் கேட்பது மேல். ஓசூருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 முதல் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் அந்தத் திட்டமே வந்தது. ஆகவே கேள்வி இரண்டு: ஒகேனக்கல் தண்ணீர் இந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? வராத நாளில் குடிப்பதற்கு என்ன செய்கிறார்கள்? அத்திப்பள்ளி, சந்தாபுரா அடுக்ககங்களில் மூன்றாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும்: 2024 கோடையில் பெங்களூரே தண்ணீருக்குத் தவித்தபோது இந்தக் கட்டடத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை டேங்கர் வந்தது, அந்தச் செலவைப் பராமரிப்புக் கட்டணத்தில் யார் தலையில் போட்டார்கள்?

பகுதியைப் பார்க்க ஞாயிறு மதியம் போகக் கூடாது. தரகர்கள் அழைப்பது அப்போதுதான். சாலை காலியாக இருக்கும். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அங்கிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். இரவு ஷிப்டு விடும் நேரத்தில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடந்தும் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கும் வீட்டுக்கு இந்த இரவு நடை வாடகையைவிட முக்கியம்.

யாருடைய தெரு

ஒரு பகுதி ஏறுகிறது என்பதற்கு அடையாளம் உண்டு. ஓட்டுக்கூரை லைன் வீடுகளை இடித்து மூன்று மாடி எழும்பும். தையல்கடை இருந்த இடத்தில் சூப்பர் மார்க்கெட் வரும். ‘டு-லெட்’ பலகையில் ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்று கூடுதலாக ஒரு வரி சேரும். அந்த லைன் வீடுகளில் இருந்தவர்கள் சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்தும் ஒடிசா, பீகார், அசாமிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் அடுத்த கிராமத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். வேலைக்கு வரும் தூரம் அவர்களுக்குக் கூடுகிறது.

இதைத் தனி ஒரு குடும்பம் தடுத்துவிட முடியாது. செய்யக்கூடியது உண்டு. வாடகை பேசும்போது, முன்பு இருந்தவர் எவ்வளவு கொடுத்தார், ஏன் காலி செய்தார் என்று கேட்கலாம். ஏற்றி விடுவதற்காகவே காலி செய்ய வைத்த வீடு என்றால், அதே வீட்டுக்காரர் பதினோரு மாதம் கழித்துப் புதியவரையும் அப்படியே நடத்துவார். பெங்களூரு சம்பளத்தை வைத்துக்கொண்டு, கேட்ட வாடகையைப் பேரம் பேசாமல் கொடுப்பது தாராளம்போலத் தெரியும். அந்தத் தெரு முழுக்க அடுத்த மாத வாடகை அதிலிருந்துதான் கணக்கிடப்படும். கன்னடமும் தெலுங்கும் தமிழும் உருதும் கலந்து பேசும் ஊர் இது. எல்லையின் எந்தப் பக்கம் போனாலும் பக்கத்து வீட்டுக்காரரின் மொழியில் பத்து வாக்கியம் கற்றுக்கொள்வது, காவிரிச் செய்தி சூடாகும் நாளில் பெரிய துணை.

காகிதங்கள்

தமிழ்நாட்டில் மனை வாங்கினால் பட்டா, புலப்பட வரைபடம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மனைப்பிரிவு ஒப்புதல் ஆகிய நான்கும் வேண்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று ஒரு பதம் இந்தப் பக்கம் தாராளமாகப் புழங்குகிறது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுத் திட்டம், 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்கானது. அதற்குப் பிறகு பிரித்ததை ‘வரன்முறை செய்துகொள்ளலாம்’ என்று சொல்லி விற்றால் விலகிவிட வேண்டும்.

கர்நாடகத்தில் பார்க்க வேண்டியவை வேறு. விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றிய மாவட்ட ஆட்சியரின் ஆணை, இ-கத்தா எனும் மின்னணுச் சொத்துப் பதிவு, படிவம் 15இல் வரும் வில்லங்க விவரம். கத்தாவில் ‘பி’ வகை என்றால் வரி கட்டுகிறார்கள் என்று மட்டுமே பொருள், கட்டடம் முறையானது என்று பொருளாகாது. பல வங்கிகள் அதற்குக் கடன் கொடுக்கத் தயங்கும். இரு மாநிலத்திலும் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எழும் திட்டங்களும், எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டங்களும் வீடுமனை ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைப் போட்டுத் தளத்தில் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பத்திரச் செலவு தமிழ்நாட்டில் மனைக்கும் தனி வீட்டுக்கும் மொத்தம் 9 சதவீதம். புதிய அடுக்கக வீட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை 6 சதவீதம். கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 2 ஆனது. 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு அதோடு முத்திரைத் தீர்வையும் மேல்வரியும் சேர்த்து மொத்தம் சுமார் 7.6 சதவீதம் வரும். 50 லட்சம் ரூபாய்த் தனி வீட்டில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 70,000 ரூபாய். பெரிய தொகைதான், ஆனால் கார் மறுபதிவு வரியோடு வைத்துப் பார்த்தால் கணக்கு திரும்பிவிடும்.

வாங்குவதற்கு முன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே இந்த எல்லையில் சரியான வழி. ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு பள்ளிச் சேர்க்கைப் பருவம் மூன்றும் அதற்குள் வந்துபோகும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு எழுதாத வரையில், முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. அதைச் சொல்லிப் பேசலாம். பெங்களூரு பக்கம் பத்து மாத முன்பணம் கேட்கும் பழக்கம் இன்னும் பல வீட்டுக்காரர்களிடம் உண்டு. அங்கே பேரம் பேசிக் குறைக்க வேண்டியது வாடகையைவிட முன்பணத்தைத்தான். ஒப்பந்தத்தில் தண்ணீர்ச் செலவு, பராமரிப்பு, காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் பிடித்தம் ஆகிய மூன்றும் தனித்தனித் தொகையாக எழுதப்பட வேண்டும். அந்த ஓராண்டும் வண்டியின் 12 மாதக் கெடுவும் ஒன்றாகவே முடியும் என்பதால், கர்நாடகப் பக்கம் தங்க முடிவு செய்கிறவர் பத்தாம் மாதத்திலேயே சொந்த ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். வண்டிக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதத்தை அதற்கு முன்பே வாங்க வேண்டும். கட்டிய ஆயுள் வரியில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பப் பெறும் மனுவை, மறுபதிவு முடிந்த கையோடு பழைய அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.